டீசலைக் குடித்தது என் டர்போ

இன்று காலை லோரி ஓட்டும் செல்வம் அண்ணன் பண்டமாரானில் இருக்கும் எங்கள் லோரி பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்தார். முகமே சரியில்லை.

"தம்பி, டீசல் செலவு ஏறிப்போச்சு. நான் திருடி விக்கிறேன்னு முதலாளி சொல்றாரு. வேலை போயிரும் போல."

"பெரிய டர்போ போட்டா டீசல் மிச்சம், பாஸ்" என்று போன மாதம் அந்த முதலாளியிடம் அளந்து, அண்ணன் லோரியில் அதை மாட்டியதே நான்தான்.

நெடுஞ்சாலையில் சீராக ஓடும் லோரிக்கு அது சரி. அண்ணன் ஓட்டுவது துறைமுக ஜாமில். அந்த வேகத்தில், இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் பெரிய டர்போ சுற்றி எழவே நேரமாகும். காற்று போதாமல் டீசல் புகையாகப் போகும்.

"கறுப்பா புகை வருதாண்ணே?"

"பின்னாடி வர்றவன்லாம் ஹோன் அடிச்சுத் திட்டுறான் லா!"

உடனே முதலாளிக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்றேன்.

"அப்போ நாளைக்குள்ள பழைய டர்போவ மாட்டு. டீசல் செலவு குறைஞ்சாதான் நம்புவேன்."

பழையதை நான் போன வாரமே பழைய இரும்பு வாங்குபவரிடம் தூக்கிப் போட்டுவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் தெரியாது.

யாரிடமாவது ஐந்து டன் லோரிக்குச் சின்ன டர்போ இருந்தால் சொல்லுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம், என்னிடமே நிறைய இருக்கிறது.