வேலை நாளில் மட்டும் வந்த அலை

ஊரில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கழட்டுங்க சார்’. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் நிலையத்தில் அவர்தான் கருவிப் பொறுப்பாளர். கருவிக்கு இரும்பு ஆகாது. அது இருந்த சிற்றறை மரத்தால் ஆனது, ஆணிகூடப் பித்தளை. யார் வந்தாலும் வாசலிலேயே மறித்து, “சாவி, வாட்ச்சு, பெல்ட்டு எல்லாத்தையும் கழட்டுங்க சார்” என்பார். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடியே நிலையம் முழுவதையும் சுற்றிப் பார்த்து, நிர்வாகம் கட்டுக்கோப்பாக இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்.

மனைவி தையல்காரி. கிளம்புமுன் சட்டையில் அவளுடைய குண்டூசி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார்.

“ஒரு குண்டூசிக்கு உங்க பூமி ஆடிருமா?” என்பாள்.

“பூமி ஆடாது. கருவி ஆடும்.”

குதிகால் வலியால் அவர் நொண்டுவதைப் பார்க்கச் சகிக்காமல், அவளே கடைக்கு இழுத்துப்போய் மெத்தென்று ஒரு ஷூ வாங்கிக் கொடுத்தாள். “அத்தனையும் ரப்பர்” என்றார் கடைக்காரர். யாரையும் நம்பாத மனிதர், வலியில் அவரை நம்பிவிட்டார். வலி விட்ட சந்தோஷத்தில், யாரும் இரும்போடு நெருங்காதபடி கருவி அறையின் முன் குறுக்கும் நெடுக்கும் காவல் நடக்கத் தொடங்கினார்.

அந்த வாரம்தான் அலை வந்தது.

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்காற்று, பூமியைச் சூழ்ந்த காந்தக் கூட்டில் மோதும்போது, மீட்டிய தந்திபோல அந்தக் கூடு அதிரும். தரையில் அந்த அதிர்வு, மெதுவாக ஏறி இறங்கும் சின்ன நெளிவாகப் பதிவாகும். அத்தகைய நெளிவுகளை அவர் வருஷக்கணக்காகப் பார்த்தவர். இது வேறு ரகம். அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரே சீர். சூரியன் சும்மா கிடந்த நாளிலும் வந்தது.

தலைமையகத்து ஆராய்ச்சியாளர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

“வேற எந்த ஸ்டேஷன்லயும் இது இல்லண்ணே! உங்க ஊருக்கு மேல மட்டும் என்னமோ நடக்குது” என்று அந்த அம்மா குதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வருவதில்லை? அன்று ஆலைகள் ஓடாததால், மின்கம்பிகளின் தாக்கம் அயனி மண்டலம்வரை எட்டுவதில்லை என்று விளக்கம் சொல்லி, மாநாட்டில் கைதட்டலும் வாங்கினார் அந்த அம்மா. ஞாயிறு தனக்கும் விடுமுறை என்பது நம்மவருக்கு உறைக்கவே இல்லை. ஊர் நலச்சங்கம் பெருமை தாங்காமல் சாலை முக்கில் ‘விண்ணலை நகர் உங்களை வரவேற்கிறது’ என்று பலகை நட்டது.

அலையை நேரில் பார்க்க அந்த அம்மா வந்தார். கடிகாரம், கொண்டை ஊசி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தார். விருந்தாளிக்கு மரியாதையாக இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கோடு ஆடாமல் அசையாமல் கிடந்தது. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போய் நடந்தார்.

“வந்துருச்சு!” என்று உள்ளிருந்து குரல் கேட்டது. ஓடி வந்தார். நின்றுவிட்டது. மறுபடி போனார், வந்தது. மறுபடி ஓடிவந்தார். அந்த அம்மா இப்போது திரையைப் பார்க்கவில்லை; அவர் காலைப் பார்த்தார்.

“அண்ணே… அந்த ஷூவைக் கழட்டுங்க.”

அடிப்பாகத்தைக் கீறினார்கள். ரப்பருக்குள் பொதிந்து கிடந்தது ஒரு எஃகுத் தகடு.

“என் மேல ரிப்போர்ட் எழுதிருங்கம்மா” என்றார் இவர்.

“எழுதலாம். உங்க காலுக்கு மின்கம்பி, அயனி மண்டலம்னு விளக்கம் சொன்னது யாருன்னும் சேத்து எழுதணுமே” என்றார் அந்த அம்மா. இருவருமே சிரிக்கவில்லை. மாநாட்டில் படித்த கட்டுரையைத் திரும்பப் பெற்றதில் அந்த அம்மா பட்ட கேலி கொஞ்சமல்ல.

இவர் நலச்சங்கத் தலைவரிடம் போய், பலகையை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

“யாரு மிரட்டுனாங்க சார்? எங்ககிட்ட சொல்லுங்க” என்றார் தலைவர் குரலைத் தாழ்த்தி. “இவ்வளவு பெரிய விஷயத்த ஒரு ஷூவைக் காட்டி மூடிமறைக்கப் பாக்குறாங்க!” மறுவாரம் பலகைக்குப் புது வர்ணம் அடித்தார்கள்.

இப்போது அவர் வெறுங்காலோடு நொண்டுகிறார். போன மாதம் ஒரு காலை, அசலான அதிர்வு ஒன்று திரையில் அழகாக எழுந்தது. முதலில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று தன் சட்டைப் பைகளைத் துழாவினார். பிறகு வேலியைச் சுற்றி வந்து, யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆசையாகத் திரைக்குத் திரும்பினார். அதற்குள் அது அடங்கிவிட்டிருந்தது.