பிரிட்ஜுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு

“படிச்ச புள்ளதான், இல்லேங்கல. ஆனா இது படிப்புல வர்ற வேலை இல்லம்மா. குடுத்துட்டுப் போ, மாட்டி வைக்கிறேன்.”

தில்லை நகரில் இசைக்கருவிகள் விற்கும் கடைக்காரர் இப்படிச் சொன்னபோது புது பிரிட்ஜ் என் கையில் இருந்தது. பாஸ் கிட்டாரின் நான்கு தடித்த தந்திகளையும் அடிப்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் இரும்புத் தகடு அது. பழையது துருப்பிடித்து, திருகுகள் அசைய மறுத்துவிட்டன. “நானே மாட்டிக்கிறேங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா வேறு. நாலைந்து ஸ்க்ரூவுக்காக ஒருவரிடம் போய் நிற்பதா?

சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. மறுநாள் பூசையில் நான் முதல்முறையாக வாசிப்பதாக இருந்தது. நானே பிரிட்ஜ் மாட்டிய கிட்டாரின் ஒயரை ஆம்ப்ளிஃபையரில் சொருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. கீபோர்டில் இருந்த குழுத் தலைவர் நிமிர்ந்தார்.

“என்னம்மா, மாவு ஆட்டுறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே குரலைத் தணித்துச் சொன்னார்: “இந்தச் சத்தத்தோட நாளைக்கு வேணாம்மா. சரியாச்சுன்னா கொண்டா. இல்லேன்னா பண்டிகைக்குப் பாத்துக்கலாம்.”

ஆறு மாதம் பின்வரிசையில் நின்று கற்றுக்கொண்டவள் நான். அரியமங்கலத்துக்குத் திரும்பும் பஸ்ஸிலிருந்தே கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“நீங்க குடுத்த பிரிட்ஜ் சரியில்லங்க.”

“பிரிட்ஜ் தானா கத்துமாம்மா? கொண்டா, பாக்குறேன்.”

கொண்டு போனால் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். நேராக வீட்டுக்குப் போனேன்.

என்னிடம் பயிற்சிக்கென்று ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் உண்டு. அதை அணைத்துவிட்டுத் தந்திகளை மீட்டிப் பார்த்தேன். எதுவும் அதிரவில்லை, ஆடவில்லை. அப்படியானால் திருகுகளில் கோளாறு இல்லை. மறுபடி போட்டதும் இரைச்சல் வந்தது. வழக்கமாகத் தந்தியில் கை பட்டாலே இரைச்சல் தணியும்; இப்போது அப்படியே இருந்தது. கிட்டாரில் சொருகியிருந்த ஆம்ப்ளிஃபையர் ஒயர் முனையின் உலோகத்தைத் தொட்டேன். சட்டென்று தணிந்தது. தந்திகளுக்கு எர்த் போய்ச் சேரவில்லை என்று புரிந்தது.

எர்த்துக்கான மெல்லிய ஒயர் பிரிட்ஜுக்கு அடியில்தான் தகட்டைத் தொட வேண்டும். கழற்றிப் பார்த்தேன். ஒயருக்கும் தகட்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு ரப்பர் துண்டு. வைத்தவள் நானேதான்.

அப்பாவுக்குப் பக்கத்துப் பட்டறையில் வேலை. அங்கே எந்த இயந்திரத்தையும் அதிராமல் இருக்க அடியில் ரப்பர் பேக்கிங் வைக்காமல் இறுக்க மாட்டார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவள், பிரிட்ஜுக்கும் ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அளவு பிசகாமல் வெட்டிக் கொடுத்தார். ஒயர் நசுங்கிவிடக் கூடாதே என்று ரப்பரை அதன்மேலேயே அக்கறையாக மூடியும் வைத்தேன்.

ரப்பரை எடுத்துவிட்டு, ஒயர் படும் இடத்தில் தகட்டின் பெயிண்டைச் சுரண்டி, மறுபடி முடுக்கினேன். இரைச்சல் அடங்கியது. வேலை முடிந்து வந்த அப்பாவிடம், “உங்க ரப்பர்தான்ப்பா காரணம்” என்றேன்.

“அதுல கரண்டு சமாச்சாரம் இருக்குன்னு நீ சொன்னியா? ஆடாம இருக்கணும்னு கேட்ட, குடுத்தேன்.”

டிப்ளமா என்னுடையது, அவருடையதல்ல.

ஞாயிறு பூசையில் வாசித்தேன். குழுத் தலைவர் இரண்டு முறை ஆம்ப்ளிஃபையர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். “பிரிட்ஜ்ல தப்பில்லங்க. நான்தான் அடியில ரப்பர் வச்சிட்டேன்.”

கடைக்காரர் இருமல் வரும்வரை சிரித்தார். அவர் ஓயட்டும் என்று காத்திருந்து கேட்டேன்: “ரிப்பேருக்கு வந்ததுல இப்படி இரையிற கிட்டார் ஏதாவது இருக்குங்களா?”

“ரெண்டு கெடக்கு. எதுக்கு?”

அதில் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. தந்திகளைக் கழற்றிவிட்டேன்.