ஒரு சொம்பு தண்ணீரும் அண்ணியின் சென்சாரும்

எங்கள் அண்ணிக்கு ஊரில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. மிளகாய்த் தோட்டத்தில் ஈரம் பார்க்கும் சென்சாரைப் பதித்த அன்றைக்கு மட்டும் நின்றார். மண்ணுக்குள் ஒரு கம்பி, போனில் ஒரு எண், அவ்வளவுதான். மண் காய்ந்தால் மோட்டார் தானாக ஓடி, சொட்டுக் குழாயில் தண்ணீர் போகும். நனைந்தால் தானாக நின்றுவிடும். அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு அந்தக் கம்பிமேல்தான் பிழைப்பே தொங்கியது. கிணறு ஒன்று, தோட்டம் இரண்டு. ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று என்னுடையது. இந்தக் கோடையில் தண்ணீர் ஒரு தோட்டத்துக்குத்தான் காணும் என்று ஆகிவிட்டது. அண்ணன் முந்திக்கொண்டு நட்டுவிட்டார். நான் அடுத்த மாசத்திலிருந்து நகரத்துக்கு வேன் ஓட்டப் போவதாகப் பேசி முடித்துவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே தூக்கம் வருகிற ஆள் நான்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறு தம்பி. கிணத்துல உனக்கும் தண்ணி மிச்சம் பண்ணிக் காட்டறேன்" என்றார் அண்ணி.

சரி, பொறுத்தேன். ஆனால் அவருக்குப் பொறுக்க வேண்டாமா? பக்கத்துத் தோட்டக்காரர்கள், பால்காரர், அண்ணியின் தங்கை வீட்டார் என்று தினமும் கூட்டம். வந்தவர்களையெல்லாம் கம்பியிடம் இழுத்துப்போய், ஒரு சொம்பு தண்ணீரை அதன் தலையில் கவிழ்ப்பார். போனில் எண் விறுவிறுவென்று ஏறும். வந்தவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள். பெருமை தாங்காமல் நானும் இரண்டு தடவை சொம்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. போனோ ஈரம் போதும் என்கிறது. அண்ணன் கொதித்துப்போய், இந்த விளையாட்டெல்லாம் போதும், பழையபடி வாய்க்காலில் திறந்து விடுகிறேன் என்று கிளம்பினார். அப்படித் திறந்தால் கிணறு காலி. என் கதையும் முடிந்தது.

அண்ணி குனிந்து கையாலேயே தோண்டினார். கம்பியைச் சுற்றிச் சேறு. நாலடி தள்ளிப் புழுதி. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"வந்தவங்களுக்கெல்லாம் ஊத்தி ஊத்திக் காட்டினேனே, அது தோட்டமே நனைஞ்சிருச்சுன்னு நம்பி மோட்டாரைப் போடாமயே இருந்திருக்கு!"

அவரே மோட்டாரைப் போட்டார். மறுநாள் காலையில் செடிகள் ஒன்றுவிடாமல் நிமிர்ந்து நின்றன. எனக்கு உயிர் வந்தது. அண்ணிக்கோ வேறு ஏதோ உறைத்துவிட்டது. இத்தனை நாள் தண்ணீரே போகாமல் செடிகள் வாடினவே தவிர, ஒன்றுகூடச் சாகவில்லை. அப்படியானால் நாம் இதுவரை விட்டதில் பாதி செடிக்காகவே இல்லை, நம் பயத்துக்காக என்றார். ஈரம் எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும் என்று போனில் குறித்து வைக்கலாம்; சீக்கிரம் ஓடட்டும் என்று அந்த எண்ணை ஏற்றி வைத்ததும் அவர்தானாம்.

அன்றிலிருந்து அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கம்பியைச் செடிகளுக்கு நடுவில் மாற்றிப் பதித்தார்; சொம்போடு கிட்டே வந்தவர்களை விரட்டினார். உச்சி வெயிலில் இலை இலையாகத் தடவிப் பார்ப்பார். இலை துவண்டால் எண்ணை ஒரு படி ஏற்றுவார், துவளாவிட்டால் இன்னும் இறக்குவார். வேலைக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன்கூட அவர் பின்னாலேயே நடந்தார். பூ உதிரவில்லை, பிஞ்சு பிடித்தது.

மாசக் கடைசியில் அண்ணி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். கோடையில் இந்நேரம் பாறை தெரிய வேண்டிய இடத்தில் தண்ணீர் பளபளவென்று நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, உன் தோட்டத்துக்கும் குழாய் இழுக்க ஆள் சொல்லியாயிற்று என்றார், எங்கோ பார்த்தபடி.

நான் அங்கேயே நின்று வேன் முதலாளிக்குப் போன் போட்டேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டார்.

"வேற ஆள் பாத்துக்குங்கண்ணே" என்றேன். "நாளைக்கு நான் மொளகா நாத்து நடறேன்."