சாவியால் திறந்த கண்கள்

றக்வானையிலிருந்து வரும் காலை பஸ், ஓப்பநாயக்கவில் என் வீட்டு வாசலில் நிற்கும் வழக்கமில்லை. சென்ற வாரம் நின்றது. நடத்துநர் எங்கள் தோட்டத்தில் பிறந்து என்னிடம் படித்தவர். மிதிபலகையில் தொங்கியபடியே, "மாஸ்டர், செலக்காரம்மா போயிட்டாங்க! நாளைக்கு எடுக்கிறாங்க!" என்று கத்தினார். நான் வெளியே வருவதற்குள் மணி அடித்து பஸ் போய்விட்டது. புகை அடங்கும்வரை வாசல் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செலக்காரம்மா, அதாவது சிலை செய்கிற அம்மா, என்று எங்கள் தோட்டத்தார் சொன்னால் அது ராமாயியம்மாதான். அவரை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவரைப் பற்றி இனி யாரும் மிருதுவான பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இறந்தவரின் பொறுமையையும் மன்னிக்கும் குணத்தையும் புகழ்வது வழக்கம். ராமாயியம்மாவிடம் பொறுமை இருந்தது, உண்மை. எலி வளையின் முன்னால் பூனை உட்கார்ந்திருக்குமே, அந்தப் பொறுமை. மன்னிக்கும் குணம் இருக்கவில்லை. அதற்காகவே அவரை நான் மதித்தேன்.

அவர் தோட்டத்தின் கட்டட வேலைக் கூட்டத்தில் சீமெந்து குழைத்தவர். பிறகு பூசவும் பழகினார். ஒரு மழைக்காலத்தில் மரம் விழுந்து மேல்மலைக் கவ்வாத்துச்சாமி உடைந்தபோது, அதைத் திரும்பச் செய்து கொடுத்தவர் அவர்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் அந்தச் சாமியின் காலடியில் கத்திகளை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். சிலை முடிந்தாலும் கண் திறக்கும்வரை அது வெறும் சீமெந்துதான். கண் திறந்ததும் விழும் முதல் பார்வை பொல்லாதது. அதனால் எதிரே ஒரு கண்ணாடியை வைப்பார்கள், அல்லது கன்றோடு பசுவை நிறுத்துவார்கள். மனிதர் எவரும் அந்த இடத்தில் நிற்க மாட்டார்கள். சிங்கள விகாரைகளிலும் கண் வைக்கும் சடங்கில் இதே அச்சம் உண்டு என்று எங்கள் லொறிச் சாரதி பண்டார சொல்லியிருக்கிறார்.

அன்று கண் திறக்க ராமாயியம்மா கம்பியை எடுத்தபோது கங்காணி ஒருவர் தடுத்தார்.

"பொம்பள சாமிக்குக் கண்ணு தொறக்கலாமா?"

"ஒங் கண்ணத் தொறந்தது யாரு? ஒங்கப்பனா?"

மலையே சிரித்தது. கங்காணியும் சிரித்துவிட்டு வழிவிட்டார்.

அவருக்கு ஒரே மகள், செல்வி. என் வகுப்பில் முதல் வாங்கில் இருப்பாள். கணக்குத் தப்பினால் விடையை அழிக்காமல் பக்கத்திலேயே சரியானதை எழுதுவாள். "பிழையும் இருக்கட்டும் சேர், அப்பத்தான் திரும்ப விட மாட்டேன்" என்பாள். அதே தோட்டத்தில் கல்யாணம் செய்தாள். தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பேற்ற புதிதில், தலைப்பிள்ளைக்காக வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவிச்சி கையை விரித்து, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நிக்காதீங்க" என்றார்.

தோட்டத்து லொறி தயாராக நின்றது. சாவி மட்டும் தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்னத்துரையின் பங்களாவில் இருந்தது. பெரியதுரை ஊரில் இல்லாத நாள். பண்டார பங்களா வாசலில் மழையில் நனைந்துகொண்டு, "மஹத்தயா, யதுர தென்ன" என்று கேட்டார். சாவியைத் தாருங்கள் என்று கெஞ்சியதை நானும் அருகில் நின்று கேட்டேன். சின்னத்துரை விறாந்தையை விட்டு இறங்கவில்லை. மறுநாள் கம்பனிப் பெரியவர்கள் வருகிறார்கள், கதிரை மேசை ஏற்றக் கழுவி வைத்த லொறி அது. "யதுர தென்ன பெஹெ" என்றார். கொடுக்க முடியாது. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

கம்பளியில் தொட்டில் கட்டி, மூங்கிலில் கோத்து, காட்டுக் குறுக்குப் பாதையால் செல்வியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பங்களாப் புல்வெளியின் ஓரத்தில் தொடங்கி, மரங்களுக்குள் நுழைந்து, கீழே பெரிய ரோட்டில் முடியும் பாதை அது. அட்டையும் வழுக்கலும். தோள் தாங்காமல் ஆங்காங்கே இறக்கி வைத்துக் கை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் ராமாயியம்மா மகளின் நெற்றியைத் துடைத்து, "இந்தா வந்துருச்சு ஆயி, ரோட்டு தெரியுது" என்பார். ரோடு உண்மையிலேயே தெரிந்த இடத்தில், கித்துள் மரத்தடியில், கடைசியாக இறக்கி வைத்தோம். அதற்குப் பிறகு தூக்க அவசரம் இருக்கவில்லை. பிள்ளையும் வயிற்றிலேயே போயிற்று.

சின்னத்துரை சில மாதங்களில் மாற்றலாகிப் போனார். பதவி உயர்வோடு. அந்த லொறியும் பழசாகி இரும்புக்கு உடைக்கப்பட்டது. அதன் சாவியைப் பண்டார கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஒருநாள் ராமாயியம்மா இருந்த தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்து நீட்டினார். "அக்கா, இது ஒங்ககிட்ட இருக்கட்டும். எனக்கு வச்சிருக்க ஏலாது." தோட்டத்தின் பெயர் அடித்த பித்தளை வில்லையோடு அந்தச் சாவி அன்றிலிருந்து அவர் முந்தானையில் முடிச்சாகக் கிடந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, சின்னத்துரையாக இருந்த அந்த மனிதர் திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது. பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். அதற்கு அவர்தான் பொறுப்பு. காட்டுப் பாதையைத் துப்புரவாக்கி, வழிநெடுக நாட்டுக் கதைகளில் வரும் சாமிகளையும் பேய்களையும் சிலையாக வைத்தால் வெளிநாட்டார் நடந்து பார்ப்பார்கள் என்று யோசித்தார். சிலை செய்ய யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து ராமாயியம்மாவைக் கூப்பிட்டார். அவருக்கு இவரை அடையாளமே தெரியவில்லை. தான் கொன்ற பெண்ணின் தாயைப் பார்த்து, "நல்லாச் செய்வீங்களா அம்மா?" என்று சிரித்தபடி கேட்டார்.

ராமாயியம்மா சம்மதித்தார். லயம் கொதித்தது. பைப்படியில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மகளக் கொன்னவனுக்குப் பொம்ம செஞ்சு குடுக்கப் போறியா? ஒனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்குச் செய்யத் தெரிஞ்சது அதுதான்டி. அருவா வீசத் தெரியாது."

நானும் கேட்டேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வாத்தியாரய்யா, அந்தப் பாத அவருக்குப் புதுசுங்க. எனக்குப் பழசு. எது எங்க நிக்கணும்னு நான்தான் சொல்லுவேன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன். சரின்னுட்டாரு."

செல்வியை எங்கெங்கே இறக்கி வைத்தோமோ அங்கெல்லாம் ஒரு சிலை எழுந்தது. புல்வெளி ஓரத்தில் அரிவாளோடு முனி. ஓடைக்கு மேலே கருப்பன். வளைவில் கொழுந்துக் கூடை சுமந்த கன்னிமார். "நம்ம ஆளு ஒண்டும் வேணும்தானே" என்று பண்டார கேட்டுக்கொண்டதால், கரடித் தலையோடு சிங்களக் கதைகளின் மயானப் பேயான மஹசோனா. சாந்து குழைத்துக் கொடுத்ததும் பண்டாரதான். பாரம் தூக்கப் போன லயத்து ஆட்கள் இடங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். அதன் பிறகு எவரும் அவரைத் திட்டவில்லை. சொல்லாமலே கல் சுமந்தார்கள்.

சிலைகள் எல்லாம் பங்களாவைப் பார்த்து நின்றன. அது அந்த மனிதரே கேட்டது. மேலிருந்து இறங்கி வரும் விருந்தாளிகளை முகம் பார்த்து வரவேற்க வேண்டுமாம்.

கடைசி இடமான கித்துள் மரத்தடியில் மட்டும் சிலை இல்லை. இரண்டு கல்தூணும் மேலே ஒரு பலகைக் கல்லும். "இது பெஞ்சா?" என்று கேட்டார் அவர். "ஆமாங்கய்யா, வர்றவங்க பாரத்த எறக்கி வைக்க." வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பேரில் வழியோரம் சுமைதாங்கி நாட்டுவது நம்மவர் வழக்கம் என்பது அவருக்குத் தெரியாது. அவளால் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் தங்கள் சுமையை அங்கே இறக்கி வைப்பார்கள். தோட்டத்தில் எத்தனை ஆண்டு இருந்தும், அவர் எங்களைப் பற்றி அறிந்துகொண்டது அவ்வளவுதான்.

"கண்ணெல்லாம் குழியாக இருக்கிறதே" என்று ஒருநாள் குறைப்பட்டார். "அது கடைசியிலதான் தொறக்கணும்யா. பெரியவங்க நேர முன்னுக்கு நிண்டாத்தான் செறப்பு. தொறப்பு விழா அன்னைக்கு நீங்கதான் நிக்கணும்." அவர் மகிழ்ந்துபோனார்.

திறப்பு விழாவன்று பகல் வெளிச்சத்தில் தோட்டமே கூடியிருந்தது. அன்று காலையில் ஒவ்வொரு கண்குழியிலும் ஈரச் சாந்து வைத்திருந்தார் ராமாயியம்மா. கண்ணாடி இல்லை, பசு இல்லை. வெள்ளைச் சட்டையோடு அந்த மனிதர் முனியின் முன்னால் நிமிர்ந்து நின்றார். ராமாயியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கைக்குள் எதையோ பொத்தி, சாந்தில் கருவிழியைக் கீறினார். அடுத்தது கருப்பன். அடுத்தது கன்னிமார். ஒவ்வொன்றின் முன்னும் அந்த மனிதரே போய் நின்றார். அத்தனை முதல் பார்வையும் அவர்மேல் விழுந்தது. தமிழரும் சிங்களவருமாக அங்கிருந்த அனைவருக்கும் நடப்பது என்னவென்று தெரியும். ஒருவர்கூட, "ஐயா, விலகி நில்லுங்க" என்று சொல்லவில்லை. பங்களாச் சமையற்காரர் பிரேமதாசா மட்டும் மஹசோனாவுக்கு முன்பே திரும்பி நடந்துவிட்டார். நான் வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை அடக்கியிருக்கிறேன். அப்படியொரு ஒழுங்கான மௌனத்தை என்றும் கண்டதில்லை.

கித்துள் மரத்தடியில் வந்து நின்று, ராமாயியம்மா கையை விரித்தார். பித்தளை வில்லை வெயிலில் மின்னியது.

"இது என்ன சாவின்னு தெரியுதுங்களாய்யா?"

அவர் குனிந்து வில்லையை வாசித்தார். நிமிரவில்லை.

"அன்னைக்கு மழயில பண்டார கேட்டது. குடுக்க முடியாதுன்னீங்க. இந்த எடத்துலதான் எம் மக மூச்சு நிண்டுச்சு. இது பெஞ்சு இல்லீங்க."

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்ததில் எனக்கு இன்றுவரை நிறைவுதான். மறைக்கப்போவதில்லை.

மறுநாள் பிரேமதாசா வேலைக்கு வரவில்லை. தோட்டக்காரர் வரவில்லை. மிஞ்சிய பணியாள், சிலைகளுக்கும் அவருக்கும் நடுவே நிற்கப் பயந்து, பின்கதவால் தேநீரை வைத்துவிட்டு ஓடினார். விருந்தாளிகளின் அறைகளைக் கூட்ட ஆளில்லை. முதலில் அவர் சிரித்தார். பிறகு விறாந்தைக் கதிரையைப் பின்பக்கம் கொண்டு போனார். பிறகு ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட்டார். சிலைகளை உடைக்க எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஆட்களை வரவழைத்தார். அவர்கள் சந்தித் தேநீர்க் கடையில் கதையைக் கேட்டுவிட்டு, சுத்தியலோடு வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள். அடுத்த கவ்வாத்துக்கு முன்னால் அவரும் போய்விட்டார். பங்களாவைப் பூட்டினார்கள். பாதை மறுபடி எங்களுக்கே வந்தது.

முனியா அவரைத் துரத்தியது என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. எனக்குத் தெரியாது. ஒரு வகுப்பு முழுவதும் ஒருவனையே உற்றுப் பார்த்தால் அவன் எத்தனை நேரம் கரும்பலகை முன்னால் நிற்பான்? அதுதான் எனக்குத் தெரிந்த உதாரணம்.

சென்ற ஆண்டு அந்த மனிதரின் மருமகன் என்று ஒருவர் ராமாயியம்மாவைத் தேடி வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். மாமா நோயாளியாகிவிட்டார், கண்ணை மூடினால் அந்தக் கண்களே வருகின்றனவாம், தூக்கமில்லையாம், சிலைகளின் கண்ணை அடைத்துவிட வேண்டுமாம்.

"கண்ணத் தொறந்த சாமானாலதான் தம்பி சொரண்டி மூடணும். வேற எதுக்கும் அது கட்டுப்படாது," என்றார் ராமாயியம்மா.

"அது இருக்கிறதா அம்மா?"

"இருக்கே." முந்தானையைத் தொட்டுக் காட்டினார். வந்தவர் முகம் மலர்ந்தது. "ஆனா யதுர தென்ன பெஹெ. இப்புடியே போய்ச் சொல்லுங்க. அவருக்கு வெளங்கும்."

வந்தவர் போனதும், "டீ ஊத்தட்டுங்களா வாத்தியாரய்யா?" என்று எழுந்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

பஸ்காரர் சொன்னபடி மறுநாள் எடுத்தார்கள். பெரிய ரோட்டுக்கு அப்பால்தான் மயானம் என்பதால், பெட்டியைக் காட்டுப் பாதையால்தான் கொண்டு வந்தோம். முனியைக் கடந்து, கருப்பனைக் கடந்து, பாசி படிந்த கன்னிமாரைக் கடந்து இறங்கினோம். வழியில் எங்கும் இறக்கவில்லை. கித்துள் மரத்தடியில் மட்டும், அவர் நாட்டிய கல்லில், மகளின் பேரில், அவரை இறக்கி வைத்துச் சற்று நின்றோம். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. ஓடைச் சத்தம் கேட்டது.

அந்த மருமகன் அங்கே மலர்வளையத்தோடு காத்திருந்தார். மாமா அனுப்பியதாம். தளர்ந்துபோயிருந்த பண்டார முன்னால் வந்து, மிக மரியாதையாக இரண்டு கையாலும் அதை வாங்கினார். ரோட்டோரம் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் வைத்தார். ஆடு ரோசாப்பூவிலிருந்து தொடங்கியது.

உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்து வைத்திருந்தார்கள். "வாத்தியாரய்யாகிட்டக் குடுக்கச் சொல்லிச்சு" என்று என் கையில் வைத்தார்கள். அதைக் கண்ட மருமகன் என்னைத் தனியே அழைத்து, "நீங்கள் படித்தவர், ஐயா" என்று தொடங்கினார். படித்தவர் என்பதால் நான் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். அவர் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, ராமாயியம்மா சொன்ன பதிலையே நானும் சொன்னேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்தச் சாவிதான். என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வில்லையில் இன்னும் கொஞ்சம் சீமெந்து ஒட்டியிருக்கிறது. அதைத் துடைக்கவில்லை. அந்த மனிதர் இன்னும் இருக்கிறார், இந்த எழுத்து அவர் கைக்கும் போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர் இனி ஆள் அனுப்ப வேண்டாம். நேரிலேயே வரட்டும். மழைநாளாகப் பார்த்து வரட்டும். வாசலில் நின்று கேட்கட்டும். நான் விறாந்தையை விட்டு இறங்க மாட்டேன்.