ஃபோன் இருந்தும் கூப்பிடாதவர்

கண்காணிப்பாளரைப் பற்றி அதுவரை யாரும் அபிப்பிராயம் என்று ஒன்று வைத்துக்கொண்டதில்லை. மீனும் காய்கறியும் உறையவைத்துச் சேமிக்கும் குளிர்க்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த காலம் முதல், "அவரா? இருக்காரே" என்பதுதான் அவருக்குக் கிடைத்த அதிகபட்ச விமர்சனம். அது அவருக்கும் ஒத்துப்போயிருந்தது. அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நூலகத்து மாடியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் மைக்கை வாங்கி வாங்கித் தம்மைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

எல்லாம் மச்சினன் செய்த வேலை. மனைவியின் தம்பி, கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைப்பவன். ஊரார் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், யாராவது சாகக் கிடப்பதைப் படமெடுத்தால் தேவலை என்று நினைத்தான். குளிர்க்கிடங்கில் ஒருவன் மாட்டிக்கொள்கிறான், பிழைப்பானா மாட்டானா, கால் மணி நேரக் குறும்படம். இடம் மாமா வேலை பார்க்கும் இடம். கதையும் மாமா கதைதான். நாயகன் மட்டும் ஒரு நாடகக் குழுவிலிருந்து வந்தான். முதல் ஷாட்டிலேயே அவனுக்கு உண்மையாகக் குளிர்ந்துவிட்டது. டீ குடிக்க வெளியே போனவன் போனவன்தான். "மாமா, நீங்களே நில்லுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே" என்றான் மச்சினன்.

பழக்கம்தான். முந்திய மழைக்காலத்தில் அவர் அதே அறைக்குள் நிஜமாகவே மாட்டியிருந்தார்.

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டு, அங்கே இருக்கும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போவார். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. நிர்வாகம் இதற்கென்றே ஒரு பலகை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு மணி எல்லாம் மாட்டியிருந்தது. ஆனால் எல்லோரும் செருப்பைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்குத் தெருவெல்லாம் தண்ணீர். அவர் வீட்டிலிருந்தே பூட்ஸோடு வந்து அப்படியே உள்ளே போய்விட்டார். லோடு ஏற்றுகிறவர் வந்து பார்த்தார், செருப்பு இல்லை, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். உள்ளிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் பனி பிடித்து இறுகியிருந்தது.

அடுத்த லோடுக்குக் கதவு திறக்கும்வரை அவர் பட்டாணி மூட்டைமேல் இருந்தார். கதவைத் தட்டினார், கொஞ்சம் நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். "என்னண்ணே, உள்ள என்ன பண்றீங்க?" என்று திறந்தவர் கேட்டபோது, "சும்மாதான்" என்றார். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மரத்தே இருக்கின்றன. வீட்டில், ஃபோனில் சார்ஜ் போய்விட்டது என்று சொன்னார். மனைவி அவர் கையை மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். அந்த ஃபோனைப் பிடிபிடியென்று பிடித்தாள். மறுவாரமே புது ஃபோன் வந்தது.

பழைய ஃபோன் பாவம். அதில் சார்ஜ் இருந்தது. கதவோரம் நின்றால் ஒரு கோடு சிக்னலும் இருந்தது. எடுத்தார், பார்த்தார், பையில் திரும்ப வைத்தார். இதை ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் மச்சினனிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"அக்காகிட்ட சொல்லிடாதடா."

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா."

அவன் வாக்கு தவறவில்லை. சொல்லவில்லை, படமாக எடுத்தான்.

ஃபோனைப் பார்த்துவிட்டுப் பையில் வைக்கும் காட்சியில் நடித்தபோது அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. சினிமாவில் எத்தனையோ நடக்கும், அவள் ஏன் முடிச்சுப் போடப்போகிறாள் என்று இருந்துவிட்டார். நூலக மாடியில் படம் ஓடியபோது அவளும் முடிச்சுப் போடவில்லை. இனி இந்தக் கருத்துச் சொல்லும் கட்டம் ஒன்றைக் கடந்துவிட்டால் போதும்.

முதலில் எழுந்த மாணவி, பாட்டு இல்லாதது நிம்மதி என்றாள். அடுத்து ஒரு மருந்துக்கடைக்காரர். "குளிருதுன்னே தெரியலீங்க. நாங்கதான் ஃபேனைக் கம்மி பண்ணச் சொன்னோம், ஹீரோ ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்காரு." கூட்டம் சிரித்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் உடனே மறுத்தார். "அதுதாங்க எனக்குப் புடிச்சது. அந்த முகத்துல ஒண்ணுமே இல்ல பாருங்க, அது எவ்வளவு பெரிய நடிப்பு!"

மனைவி அவர் பக்கம் சாய்ந்து, "இந்த நடிப்பத்தான் நான் வருஷக்கணக்கா ஓசியில பாக்குறேன்" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்போதுதான் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி எழுந்தார். மைக் வேண்டாம் என்றார், அந்தக் குரலுக்கு அது வேண்டியிருக்கவில்லை. "தம்பி, லாஜிக்னு ஒண்ணு வேணாமா? கையில ஃபோன் இருக்கு. சிக்னல் காட்டுறீங்க. கட்டின பொண்டாட்டி வீட்ல இருக்கா. எந்த மடையன் கூப்பிடாம உக்காந்திருப்பான்?"

பலமான கைதட்டல். மச்சினனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கலைஞனுக்கு ரோஷம் வந்தால் சத்தியம் எம்மாத்திரம்? "சார், இது உண்மைச் சம்பவம். சம்பந்தப்பட்டவரே இங்க இருக்காரு. ஃபோன் இருந்துச்சு, சார்ஜ் இருந்துச்சு, சிக்னல் இருந்துச்சு. அவர் கூப்பிடல. அவ்வளவுதான் சார் வாழ்க்கை!"

மனைவி திரும்பவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, டீ போட்டு, அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ஏன்?"

"பயம் வந்தா கூப்பிடலாம்னு இருந்தேன். வரல."

"பயம் வரலியா, இல்ல நான் நெனப்புக்கே வரலியா?"

அவர் யோசித்தார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், கேள்வி கேட்டால் யோசிப்பது. "ரெண்டும்தான்" என்றார்.

"சார்ஜ் போச்சுன்னே இப்பவும் சொல்லியிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோல் கிடந்தன.

சண்டை வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை. சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை வந்தது, சாவி எங்கே என்றால் பதில் வந்தது. படுக்கும்முன் அந்த இரண்டு விரலையும் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவது மட்டும் நின்றுபோயிருந்தது. மரத்த விரல்கள் என்பதால் அவருக்கே அது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நடுவில் மச்சினன் வந்தான். நாலு பேர் சொன்னதற்கு மதிப்புக் கொடுத்து முடிவை மாற்றுகிறானாம்; நாயகன் வீட்டுக்கு ஃபோன் செய்கிறான், மனைவி கதறுகிறாள். "அக்கா, நீயே குரல் குடேன். நிஜ மனைவி, நிஜக் குரல்."

"வராத ஃபோனுக்கு நான் ஏன்டா அலறணும்? மாமாவையே அலறச் சொல்லு."

வேறொரு பெண் அழுது கொடுத்தாள். புதுப் படத்தை இணையத்தில் ஏற்றினான். மனைவியின் குரல் நெஞ்சை உலுக்கியது என்று பலர் எழுதினார்கள். கணவனாக நடித்தவர் இன்னும் கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம் என்றார் ஒருவர். மனைவி பட்டன் தைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லா அழறா. யாரு பெத்த பொண்ணோ" என்றாள்.

மறுநாள் வேலையிலிருந்து அவர் வீட்டுக்கு ஃபோன் செய்தார்.

"உள்ள போறேன்."

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "வெளிய வந்துட்டேன்."

"சரி."

தினமும் இதேதான். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. அவளும் ஒருநாள்கூட எடுக்காமல் இருந்ததில்லை. இதில் என்ன சுகம் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது. பிறகு ஒருநாள், உள்ளே போவதைச் சொன்னவர் வெளியே வந்ததும் லாரிக்காரரோடு மீன் பெட்டிக் கணக்கில் வாக்குவாதம் முற்றி, சொல்ல மறந்துவிட்டார். ஃபோன் மேஜைமேல் கிடந்தது. காவலாளி வந்து, "சார், வீட்லேர்ந்து வந்திருக்காங்க" என்றார்.

கேட்டுக்கு வெளியே அவள் நின்றாள். கழுத்தில் அளவு நாடா. தோளில் குத்திய ஊசியில் நீல நூல் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது.

"என்ன இங்க?"

"நூல் வாங்க வந்தேன்."

நூல்கடை ஊரின் மறுகோடியில் இருக்கிறது. "வாங்கியாச்சா?" என்று கேட்டார்.

"கெடைக்கல."

அவர் காவலாளியிடம் சொல்லிவிட்டு அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார். மீன் வாடை அடிக்கும் அவருடைய கோட்டைப் பார்த்து இரண்டு பெண்கள் விலகி நின்றார்கள்.

"உள்ள போறதச் சொல்ற ஆளு வெளிய வர்றதயும் சொல்லணும்" என்றாள் சாலையைப் பார்த்தபடி. "இல்லாட்டி ரெண்டையும் விட்டுடணும்."

"சொல்றேன்."

முதலில் வந்தது வேறு வழி போகும் பஸ். அடுத்தது அவள் பஸ்தான். கூட்டமாக இருக்கிறது என்று ஏறவில்லை. அதில் கண்டக்டரைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள்.