மிகச் சூடான ஷாட்

நான் உருவாக்கிய கணித மாடலை என் துறைத் தலைவர் தன் பெயரில் கட்டுரையாக வெளியிட்டார். பொத்தேரியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் நடந்தது இது. அணுக்கரு இணைவு உலையின் பிளாஸ்மாவிலிருந்து கதிர்வீச்சு எப்படி வெளியேறுகிறது என்று கணக்கிடும் மாடல். ஓரிடத்தில் கிளம்பும் கதிர் வழியிலேயே உறிஞ்சப்பட்டு வேறிடத்தில் மறுபடி கிளம்பும். வழக்கமான கணக்குக்குள் அது அடங்காது. அடக்குவதற்குள் எனக்குச் சில வருடங்கள் போய்விட்டன. கட்டுரையில் என் பெயரே இல்லை.

"மேடம், நீங்க ப்ரோக்ராம் தானே ரன் பண்ணீங்க? ஐடியா என்னோடது" என்றார், டீயை ஊதியபடி.

நான் சண்டை போடவில்லை. தாம்பரம் திரும்பும் ரயிலில் அவர் கட்டுரையை வரி வரியாகப் படித்தேன். பல கோடி டிகிரி சூடான பிளாஸ்மாவில் எந்த வெப்பமானியும் நிற்காது என்பதால் இரண்டு வழிகளில் அளப்பார்கள். லேசரைப் பாய்ச்சி எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் ஒளியைப் பார்ப்பது ஒன்று. எலக்ட்ரான்கள் தாமாகவே உமிழும் நுண்ணலையைப் பிடிப்பது இன்னொன்று. சூடு மிதமாக இருக்கும்வரை இரண்டும் ஒத்துப்போகும். மிகவும் ஏறினால் இரண்டாவது கூடுதலாகக் காட்டும். அதற்காகவே மாடலில் ஒரு திருத்தம் சேர்த்திருந்தேன். அவருக்குப் புரியவில்லை போலும், நீக்கிவிட்டிருந்தார். உலையை ஒருமுறை இயக்குவதை ஷாட் என்போம். மிதமான ஷாட்டுகளை மட்டும் காட்டியிருந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை.

அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன்.

கட்டுரையைப் பற்றி அவர் பேசிய கூட்டத்துக்கு வெளியூர் நிபுணர்களும் வந்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"சார், அதே டேட்டாவுல ரொம்ப ஹாட்டான ஷாட் ஒண்ணு இருக்கே. அதையும் போட்டுப் பாக்கலாமா?"

எல்லோர் முன்னிலையிலும் மறுக்க முடியவில்லை, திரையில் போட்டார். நுண்ணலைப் புள்ளிகள் மேலே ஏறிப் போக, அவர் மாடல் கணித்த கோடு கீழேயே கிடந்தது.

"இன்னா மச்சான், புள்ளி மேல போய்கினு கீது, கோடு கீழயே கீது?" என்றது பின்வரிசையில் ஒரு மாணவன் குரல்.

"சாரே பேஜார்ல கீறாரு, கம்முனு இருடா" என்றான் பக்கத்திலிருந்தவன்.

அவர் என்னைப் பார்த்தார். "இதுக்கு ஒரு கரெக்‌ஷன் உண்டு... மேடம், கொஞ்சம் எக்ஸ்ப்ளைன் பண்ணுங்களேன்."

"உங்க ஐடியா சார். நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் வழிமறித்தார். "அந்தத் திருத்தத்தைக் குடுங்க மேடம். பேப்பரை சரி பண்ணிடலாம். உங்க பேரை முதல்ல போடறேன்."

நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். அதை அவர் கையால் வாங்க இப்போது மனமில்லை.

"வேணாம் சார். உங்க பேப்பர் அப்படியே இருக்கட்டும். அது எங்க தப்புன்னு ஜர்னலுக்குத் தனியா எழுதி அனுப்பிட்டேன்."

"இவ்ளோ வன்மமா மேடம்?"

"ஆமா சார்."

என் கட்டுரை என் பெயரில் மட்டும் வெளிவந்தது. அவர் பிழையைச் சொல்லும் முதல் பத்தியைத்தான் அதிக நேரம் செதுக்கினேன். அதில் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. அவர் பெயர், முதலெழுத்துகள், இதழ், பக்கம் எல்லாம் பிழையில்லாமல் இருக்கின்றன.