நறநற

மண்ணைத் தின்ன வைக்கிறாராம் என்பதுதான் முதலில் கிளம்பிய பேச்சு. பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிட்டிகையாக இருந்த மண், நூலக வாசலில் ஒரு கிண்ணமாகி, ஒரு மாணவியின் அப்பா காதில் விழுந்தபோது ஒரு தட்டு நிறைய ஆகிவிட்டது. அவர் கல்லூரி அலுவலகத்துக்கு எழுதிய புகாரில் 'வேளாவேளைக்கு' என்ற சொல்கூட இருந்ததாகக் கேள்வி.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. நிலவியல் பேராசிரியை மண்ணைப் பார்த்தால் முதலில் விரலால் தேய்ப்பார், பிறகு முகர்வார். பிறகு கடுகளவு எடுத்து, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்காமல், முன்பல்லில் வைத்துக் கடிப்பார். "நறநறன்னா வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்குனா களி. அவ்வளவுதான், துப்பிடு." பாடநூல் இதைப் பதினோரு பக்கத்துக்கு இழுக்கிறது. மாணவர்கள் வாய்க்குப் போகும் மண்ணை மட்டும் முதல் நாளே அடுப்பில் சுட்டு ஆறவைத்துவிடுவார். தன் வாய்க்கு அந்த மரியாதை கிடையாது.

பிள்ளைகள் வைத்த பெயர் கற்கண்டு. கல்லைக் கண்ட இடத்தில் நின்றுவிடுவதால் வந்தது. அவருக்கும் தெரியும். "இனிப்பாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டார்.

சுத்தியல் பையைச் சுமந்து சுமந்து வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. கைப்பையில் சீப்பு இருக்காது, கல்லைச் சோதிக்கும் அமிலப் புட்டி இருக்கும். நாத்தனார் புதுவீடு கட்டித் தரையைக் காட்டி, அசல் பளிங்கு என்று பெருமைப்பட்ட அன்று, இவர் குனிந்து ஒரு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. "அசலேதான் அண்ணி, கவலையே படாதீங்க" என்றார் மனம் நிறைந்து. நுரை அடங்கியபின் பளபளப்பு போய் ஒரு வட்டம் நின்றது. நாத்தனார் ஆறு மாதமாகப் பேசுவதில்லை. கணவர் இப்போதெல்லாம் விருந்துக்குக் கிளம்புமுன் கைப்பையைச் சோதித்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்பவர், புகார் வந்த பிறகு சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மாணவர்களோடு கிளம்ப வேண்டிய நான்கு நாள் ஆற்றங்கரைப் பயணம் அந்தரத்தில் நின்றது. படங்களைத் திரையில் காட்டினால் போதாதா என்று அலுவலகம் கேட்டது. ஒரு வருடம் அப்படியும் நடத்திப் பார்த்தவர்தான். தேர்வில் எல்லாரும் வெளுத்து வாங்கினார்கள். கையில் நிஜக் கல்லைக் கொடுத்ததும் ஒருத்தி அதைத் திருப்பிப் பார்த்தாள், அடியில் பெயர் எழுதியிருக்கிறதா என்று. அந்தக் கல்லை இன்னும் மேசையில் வைத்திருக்கிறார்.

நாலு மணிக்குள் முடிவைச் சொல்கிறோம், ஒரு தடவைதான் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் பயணம் வேண்டாம் என்று எழுதிக்கொள்வோம் என்றார்கள். அன்று செய்முறை வகுப்பு. மேசையில் இரண்டு மண் தட்டுகள், நடுவில் கைப்பேசி. வண்டலை விளக்கும்போது ஒரு பார்வை, களிமண்ணை விளக்கும்போது இரண்டு பார்வை.

மூன்றே முக்காலுக்கு மூன்றாம் வரிசைப் பெண் எழுந்து வந்தாள். புகார் எழுதியவரின் மகள்.

"மேடம், வீட்ல நான்தான் உளறிட்டேன். சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னேன். அப்பா புடிச்சுக்கிட்டாரு."

"தட்டுன்னு சொன்னியா?"

"ஸ்பூன்னுதான் சொன்னேன்."

"பரவால்ல. அப்பாவுக்குத் தாராள மனசு."

அவள் போகவில்லை. ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது மேடம் என்றாள் தரையைப் பார்த்தபடி. பேராசிரியை இடப்பக்கத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இவர் பல்லில் கொஞ்சம், அவள் பல்லில் கொஞ்சம்.

கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'அலுவலகம்'.

முன்வரிசையிலிருந்து யாரோ அதை எடுத்து நீட்டினார்கள். பேராசிரியையின் கை பாதி தூரம் போயும் விட்டது. அப்போதுதான் அந்தப் பெண் கண்ணை மூடினாள். தாடை மெல்ல அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

நீட்டிய கை திரும்பி வந்தது. மண் ஒட்டிய ஆட்காட்டி விரலை உயர்த்தி, பேசவந்த சின்னப்பிள்ளையை அடக்குவதுபோல, அதிர்ந்துகொண்டிருந்த கைப்பேசியைப் பார்த்து, இரு என்று காட்டினார்.